அப்பாவின் மூணு ஃபைலும் அம்மாவின் பத்து விரலும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கறவங்க மட்டும் தொடரவும். இல்லாதவங்க கடைசி நாலு பத்தியாவது படிச்சிட்டுப் போங்க :-)

பெங்களூர்ல பொட்டி தட்டுறவன் ஊருக்குப் போனா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டு பிரிண்டர், மாமாவோட மொபைல், யாரோ ஒருத்தர் மறந்துபோன பாஸ்வேர்டு, எல்லாம் வரிசை கட்டி நிக்கும். "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இது தெரியாதா?" என்பதுதான் ஸ்ரீரங்கத்தில் எனக்குக் கிடைக்கும் வரவேற்பு. போன பொங்கலுக்குப் போனப்ப அம்மா எதுவும் கேக்கல. பரண்லேர்ந்து ஒரு பிஸ்கட் டின்னை எறக்கி மடியில வச்சாங்க. உள்ள ஒரு ஃபிளாப்பி, ஒரு சிடி, நாலா மடிச்ச ஒரு தாள்.

"உங்க அப்பாயி சொல்லச் சொல்ல அப்பா அடிச்சு வச்சதுடா தம்பி. இதுலதான் இருக்கு. எடுக்க முடியுமான்னு பாரு."

கொஞ்சம் முன்கதை. அப்பா 1996ல உறையூர்ல ஒரு டிடிபி சென்டர் வச்சார். கல்யாணப் பத்திரிகை, காலேஜ் ப்ராஜெக்ட், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் தொழில். அம்மா டைப்ரைட்டிங்ல தமிழ் ஹையர் பாஸ் பண்ணினவங்க. அதனால தமிழ் வேலை மொத்தமும் அவங்க கையில. ஸ்கூல் விட்டு நேரா கடைக்கு வந்து, வேலை இல்லாத நேரம் பார்த்து டேவும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் ஆடினதுதான் என்னோட கம்ப்யூட்டர் அறிவியல் அடிப்படைக் கல்வி. (செமஸ்டர்ல கட்டினதெல்லாம் அப்புறம் வந்தது.)

அப்பாயி லால்குடி பக்கம். கதை சொல்ல ஆரம்பிச்சா நிறுத்தாது. ராஜகோபுரம் கட்டி முடிக்காம மொட்டைக் கோபுரமா நின்ன காலம், ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துல கூடுற கூட்டம், மாட்டு வண்டியில காவேரி பாலம் தாண்டி வந்த கதை, எல்லாம் வரும். அப்பா 1999லேர்ந்து 2001 வரைக்கும் ராத்திரி நேரத்துல அதையெல்லாம் அடிச்சு வச்சிருக்கார். பிரிண்ட்டும் எடுத்தார். 2005 நவம்பர்ல கோரையாறும் உய்யக்கொண்டானும் பொங்கி திருச்சிக்குள்ள வந்துச்சே, அப்ப கடையில இடுப்பளவு தண்ணி. பிரிண்ட் அவுட் கூழாப் போச்சு. தப்பிச்சது ஒரே ஒரு தாள். அப்பாயி அடுத்த வருஷமும், அப்பா நான் பத்தாவது படிக்கும்போதும் போயிட்டாங்க. மிச்சம் அந்த பிஸ்கட் டின்தான்.

ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன். மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு மாசத்துல, கம்ப்யூட்டர்ல தமிழ் வந்த வரலாறு மொத்தத்தையும் தூசி தட்டிப் படிக்க வேண்டியதாப் போச்சு. ஏன்னா அப்பா விட்டுட்டுப் போன மூணு ஃபைலும் மூணு வெவ்வேறு தமிழ்.

முதல் ஃபைல் ஃபிளாப்பில. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்னு ஆன்லைன்ல வாங்கினேன். சொருகினா கடகடன்னு ஒரு சத்தம், அப்புறம் எர்ரர். ஃபைல் உடைஞ்சிருந்ததால வேர்டு திறக்கல. சரின்னு, டிஸ்க்ல இருக்கறத அப்படியே நகல் எடுத்து, உள்ள இருந்த எழுத்தை மட்டும் உருவினேன். வந்தது முழுக்க இங்கிலீஷ் எழுத்து. ஆனா இங்கிலீஷ் இல்ல. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இப்படியே பக்கம் பக்கமா. எங்க பார்த்தாலும் அரைப்புள்ளி.

ஏதோ என்கோடிங் தகராறுன்னு புரிஞ்சுது. எதுன்னு புரியல. நான் பைத்தான்ல எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ண ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கிட்டு இருந்தேன். காபி கொண்டு வந்த அம்மா திரையைப் பார்த்தாங்க. டம்ளரை வச்சுட்டு மேஜை மேல ரெண்டு கையையும் வச்சாங்க. விரல் தானா ஆடுது. "ஜே... கே... பி... ஓ..."

"தமிழ்னு அடிச்சிருக்குடா."

அடுத்த வரியில இருந்த எம் கே அரைப்புள்ளி கே எச் என்பது "அம்மா". சாமி சத்தியமா எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இருபது வருஷமா டைப்ரைட்டரைத் தொடாத மனுஷி, கீபோர்டு கூட இல்லாம, வெறும் மேஜையைத் தட்டித் தட்டி அந்தப் பக்கத்தை வாசிச்சாங்க.

அது பாமினி எழுத்துரு. (பேரு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நெட்ல எறக்கிப் போட்டு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருக்கலாம். தெரியலையே!) பாமினியில சூட்சுமம் ரொம்ப எளிமை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் நீங்க அடிக்கிறது இங்கிலீஷ் ஜே. எழுத்துருவுக்குள்ள ஜே இருக்க வேண்டிய இடத்துல "த" படம் வரைஞ்சு வச்சிருக்கும், அவ்வளவுதான். தமிழ்ங்கறது வெறும் வேஷம். எழுத்துருவைக் கழட்டினா உள்ள இருக்கறது ஜே. எந்தச் சாவிக்கு எந்த எழுத்துன்னு பாமினி புதுசா எதுவும் யோசிக்கல. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தோட வரிசையை அப்படியே எடுத்துக்கிட்டது. இடது கைக்கு ய, ள, ன, க. வலது கைக்கு த, ம, ட. சுண்டுவிரலுக்குப் புள்ளி. அந்தச் சுண்டுவிரல் சாவிதான் இங்கிலீஷ்ல அரைப்புள்ளி. தமிழ்ல புள்ளி வச்ச எழுத்து இல்லாம ஒரு வரி எழுத முடியுமா? அதான் பக்கம் பூரா அரைப்புள்ளி.

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தைன்னு சொல்லப்படுற ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துல பிறந்தவர். மலேயாவுலயும் சிங்கப்பூர்லயும் வேலை பார்த்தவர். 247 எழுத்தைக் கொஞ்சமே கொஞ்சம் சாவிக்குள்ள அடக்கணும். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரு சாவி வைக்க முடியாது, அதனால எழுத்தை உடைச்சார். கால் தனி, கொம்பு தனி, புள்ளி தனி. 1930கள்ல அவர் போட்ட பாதையில வந்த தட்டெழுத்து, அம்மாவோட விரல்ல உக்காந்துக்கிட்டு, 1999ல அப்பா எழுதினதை இன்னைக்கு வாசிச்சுக் காட்டுச்சு. எந்த மென்பொருளுக்கும் இப்படி ஒரு பேக்வேர்டு கம்பாட்டிபிலிட்டி நான் பார்த்ததில்ல.

முதல் ஃபைல்ல இன்னொரு விஷயம் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

ரெண்டாவது ஃபைல் சிடியில. பேஜ்மேக்கர். அந்தப் பேரைக் கேட்டதும் கண் கலங்கற டிடிபிக்காரங்க இன்னும் இருக்காங்க. 2001ல வந்த ஏழாவது பதிப்போட அதுக்குக் கதை முடிஞ்சுது. அப்பா 2000ல ஒரு தமிழ் டிடிபி மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கார். எந்தக் கம்பெனின்னு சொல்லல, விடுங்க. அதுக்கு ஒரு டாங்கிள் உண்டு. கம்ப்யூட்டருக்குப் பின்னாடி பிரிண்டர் சொருகுற இடத்துல ஒரு கட்டையைச் சொருகினாத்தான் எழுத்தே வரும். கட்டை போனா தமிழ் போச்சு. எங்க கட்டை 2005ல காவேரித் தண்ணியோட போச்சு. புதுசு கேட்டா முழு விலை கொடுத்து மறுபடி வாங்குன்னு பதில். அப்பா அதுக்கப்புறம் அந்த சிடியைத் தொடவே இல்ல.

இந்த ஃபைல்ல பாமினி மாதிரி இங்கிலீஷ் எழுத்து இல்ல. தலையில தொப்பி போட்ட ஏ, பவுண்டு குறி, கால் பின்னம், இப்படி கன்னாபின்னான்னு இருந்துச்சு. அம்மாவோட விரலுக்கும் இது பிடிபடல. இங்கதான் கொஞ்சம் டெக்னிக்கலாப் போகணும், தூங்கிடாதீங்க.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆஸ்கின்னு ஒரு அட்டவணை, 128 இடம், முழுக்க இங்கிலீஷுக்கு. எட்டு பிட் வச்சா 256 இடம், அதாவது மேல இன்னொரு 128 காலி மனை. தமிழ்நாட்டுல, மலேசியாவுல, சிங்கப்பூர்ல, கனடாவுல, சுவிட்சர்லாந்துல உக்காந்திருந்த தமிழ் ஆர்வலர்கள் ஆளுக்கு ஒரு பக்கமா அந்த மனையில குடிசை போட ஆரம்பிச்சாங்க. 1980கள்ல கனடாவுல ஸ்ரீனிவாசன் ஆதமி செஞ்சார், மலேசியாவுல முத்து நெடுமாறன் முரசு செஞ்சார். சுவிட்சர்லாந்துல கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செஞ்சு இலவசமாக் கொடுத்தார். சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி 1995லயே தமிழை இணையத்துல ஏத்தினார். எல்லாரும் வேலை முடிஞ்சு வந்து ராத்திரி கண் முழிச்சுச் செஞ்சது. குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா ஒருத்தர் "க"வுக்குக் கொடுத்த எண்ணை இன்னொருத்தர் "ழு"வுக்குக் கொடுத்திருந்தார். வணிக மென்பொருள் கம்பெனிகள் வேணும்னே வேற வேற எண் கொடுத்தாங்க. வாடிக்கையாளர் தாவிடக் கூடாதே! தொண்ணூறுகளின் கடைசியில நெட்ல ஒரு தமிழ்ப் பத்திரிகை படிக்கணும்னா அந்தப் பத்திரிகையோட எழுத்துருவை முதல்ல எறக்கணும். அஞ்சு பத்திரிகைக்கு அஞ்சு எழுத்துரு. பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட்99 மாநாடு கூட்டினாங்க. தமிழ்99 விசைப்பலகை அங்க முடிவானதுதான். அது நல்ல விசைப்பலகை, நானும் அதுலதான் அடிக்கிறேன். ஆனா எழுத்துக் குறியீட்டுக்கு ஒரே தரம் வேணும்னு கூடின கூட்டம் ரெண்டு தரத்தோட கலைஞ்சுது. தமிழ் மட்டும் எழுதத் 'டாம்', தமிழும் இங்கிலீஷும் சேர்த்து எழுதத் 'டாப்'. இணையத்துல ஏற்கெனவே மடலாடற்குழுவுல பேசிப் பேசி உருவாக்கின டிஸ்கி ஒன்னு வேற ஓடிக்கிட்டிருந்துச்சு. (மேல போட்டேனே, அந்த டிஸ்கி வேற, இந்த டிஸ்கி வேற!) ஆக மூணு. உறையூர்ல எங்கப்பாவுக்கு இதுல ஒன்னுகூட வந்து சேரல. அவருக்கு டாங்கிள்காரன் சொன்னதுதான் தமிழ்.

சரி, ரெண்டாவது ஃபைலை எப்படி உடைச்சேன்? அந்த மடிச்ச தாள்தான் காப்பாத்துச்சு. வெள்ளத்துல தப்பிச்ச 14ஆம் பக்கம். பாதி கறை. படிக்க முடிஞ்சது பதினோரு வரி. மொட்டைக் கோபுரத்தைப் பத்தி அப்பாயி சொன்ன பகுதி. "ராயகோபுரம்" என்ற சொல் நாலு தடவை வருது. சிடியில ஒரே மாதிரி எண்வரிசை நாலு தடவை எங்க வருதுன்னு தேடினேன். ரெண்டாவது நாள் ராத்திரி சிக்குச்சு. அதுலேர்ந்து ர, ய, ப, க, புள்ளி, கால், கொம்பு. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா, குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. நான் அட்டவணை போட, அம்மா பக்கத்துல உக்காந்து "இது கொள்ளிடமா இருக்கும், அந்த வருஷம் அவங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு"ன்னு இட்டு நிரப்ப, பன்னெண்டு நாள் ஆச்சு.

நடுவுல ஒரு நாள் கோயிலுக்குப் போனேன். நம்ம பெரிய கோயில் சுவர்ல 600க்கு மேல கல்வெட்டு இருக்கு. பராந்தக சோழன் காலத்து 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைக்கூட தெரிஞ்சவங்க நின்ன இடத்துல படிச்சுச் சொல்லிடுறாங்க. எங்கப்பா 2000ல அடிச்சதைப் படிக்க ஒரு பி.ஈ., ஒரு தமிழ் ஹையர், பன்னெண்டு ராத்திரி தேவைப்பட்டிருக்கு.

என் ஸ்கிரிப்ட் முதல் தடவை ஓடினப்ப ஒரு கூத்து. எல்லாக் கொம்பும் ஓரெழுத்து தள்ளி உக்காந்திருந்துச்சு. கோபுரம்னு வர வேண்டியது "க"வுக்கு முன்னாடி அந்தரத்துல ஒரு கொம்பு தொங்க வந்துச்சு. காரணம், பழைய குறியீடுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியிற வரிசையில சேமிக்கும்: முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடு ஒலிக்கிற வரிசை: முதல்ல க, அப்புறம் ஓகாரக் குறி. அதைத் திருப்பிப் போட மறந்துட்டேன். சுரதா அந்தக் காலத்துல எழுதி வச்ச பொங்குதமிழ் மாற்றி இதையெல்லாம் அநாயாசமாச் செய்யும். எத்தனை பேரோட பழைய எழுத்தை அது காப்பாத்தியிருக்கும்!

யூனிகோடு பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லணும். அது 1991லயே வந்தாச்சு. தமிழுக்கு 128 இடம், அதுலயும் பல காலி. இந்திய அரசோட இஸ்கி தரத்தைப் பின்பற்றி, எல்லா இந்திய மொழிக்கும் தேவநாகரி வரிசையை ஒட்டியே இடம் பிரிச்சாங்க. ககர வரிசையில நமக்கு இல்லாத மூணு எழுத்துக்கான இடம் இன்னைக்கும் காலியா கிடக்கு. க், கா, கி எல்லாம் ரெண்டு எண் சேர்ந்துதான் வரும். "எங்க மொழிக்கு உங்க அளவு சட்டையா?"ன்னு அப்ப பல பேர் கொதிச்சாங்க. அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுத்து டேஸ்16 உருவானது அதனாலதான். 2010ல தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு, டேஸ்16ஐ மாற்றுத் தரமா வச்சுது. என் கட்சி என்னன்னா, சுமாரான சட்டைதான், ஆனா ஊர் மொத்தமும் அதையே போட்டுச்சு. விண்டோஸ் 2000லயும் எக்ஸ்பியிலயும் லதா எழுத்துரு கூடவே வந்துச்சு. எ-கலப்பை வந்துச்சு. 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம்கூட மயிலை, டிஸ்கி எல்லாம் தாண்டி யூனிகோடுக்கு மாறிச்சு. நாம இப்படிப் பதிவு எழுதறதே அதனாலதான். ஆனா பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் கடைசிவரை தெரியாது. அதனால அச்சுத் தொழில் ரொம்ப நாளுக்கு அந்தப் பக்கம் திரும்பல. பல அச்சகங்கள்ல இன்னைக்கும் பழைய எழுத்துருதான் ஓடுது. எத்தனை சிடி, எத்தனை பிஸ்கட் டின்!

மூணாவது ஃபைல் சுலபம். 2001ல அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, முரசு அஞ்சல்ல அடிச்சு, சிங்கப்பூர்ல இருந்த சித்தப்பாவுக்கு மெயில் அனுப்பியிருக்கார். சித்தப்பா அதை இன்னும் வச்சிருந்தார். டிஸ்கி குறியீடு, திறந்த தரம், அட்டவணை வெளிப்படையா எல்லாருக்கும் கிடைக்கும். அஞ்சு நிமிஷத்துல தமிழாயிடுச்சு. நாலே பக்கம். கடைசி வரி அப்பா தம்பிக்கு எழுதினது: அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, அடுத்த தடவை வரும்போது நீ உக்காந்து மிச்சத்தைக் கேட்டு எழுது. சித்தப்பா போன்ல கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

இப்ப அந்த முதல் ஃபைல் விஷயம்.

ஃபிளாப்பில ஒரு செக்டார் 512 பைட். எங்க ஃபிளாப்பில ஒரே ஒரு செக்டார் செத்திருந்துச்சு. மூணு டிரைவ்ல போட்டுப் பார்த்தேன், ஒரு நண்பன் கிட்ட கொடுத்தேன், அந்த 512 பைட் மட்டும் வரவே இல்ல. பாமினியில ஒரு குறிக்கு ஒரு பைட். கணக்குப் போட்டா அறுபது, எழுபது வார்த்தை.

அம்மா மேஜையைத் தட்டி வாசிச்சுக்கிட்டே வந்தாங்க. அப்பாயிக்கு அப்பாவுக்கு முன்னாடி ஒரு பொண்ணு பிறந்து ரெண்டு வயசுல தவறிப்போச்சு. இது அம்மாவுக்கே அரைகுறையாத்தான் தெரியும், எனக்குச் சுத்தமாத் தெரியாது. "தலைச்சனுக்கு மாமனார்தான் பேரு வச்சாரு" வரைக்கும் அடிச்சிருக்கு. அதுக்கப்புறம் அந்த ஓட்டை. மறுபடி எழுத்து ஆரம்பிக்கிற இடத்துல, கொள்ளிடத்துல தண்ணி வடிஞ்சு, அப்பாயி வீட்டைக் கழுவிக்கிட்டு இருக்கு.

அம்மா விரலை மேஜையிலேர்ந்து எடுக்காம அப்படியே உக்காந்திருந்தாங்க.

சித்தப்பாவுக்கும் பேரு தெரியல. "நான் பிறக்கறதுக்கு முன்னாடிடா. வீட்ல யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாங்க. அண்ணனுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கும்போல"ன்னார்.

மொத்தம் 38 பக்கம், யூனிகோடுல போட்டு, சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பியாச்சு. அந்த இடத்துல ஒரு வெத்துக் கோடு போட்டிருக்கேன். லால்குடி பக்கத்துல அப்பாயியோட தங்கச்சி ஒருத்தங்க இருக்காங்களாம், தொண்ணூறு தாண்டியாச்சு, ஞாபகம் நல்லாத்தான் இருக்குன்னு அம்மா சொல்றாங்க. வர்ற சனிக்கிழமை கார்த்தால ரெண்டு பேரும் போறோம். அம்மா ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வச்சிருக்காங்க.